மெட்ராஸ் ரேட்டு அடுப்படி

பிச்சைமணி அன்றைக்கு ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனிமேல் பெண்டாட்டியிடம் "முடியாது" என்று சொல்வதில்லை.

மனுசன் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "முடியாது" என்று சொன்னால் வயிற்றில் அடி விழுந்தது, அதுதான் காரணம். கடைசியாகச் சொன்னது சித்திரையில். அடுப்படியை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடவேண்டும் என்று முனீஸ்வரி கேட்டாள். "மாடுலர்னா? மாட்டுக்குக் கட்டுறதா?" என்று இவர் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கோதுமை ரவை உப்புமா வந்தது. நாலு நாள். மூணு வேளையும். ஐந்தாம் நாள் கூடலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அவர் பரோட்டாவை விழுங்கிய வேகத்தைப் பார்த்து சப்ளையரே பயந்துபோனான்.

அடுப்படியைப் பற்றிச் சொன்னால் முனீஸ்வரி பக்கம்தான் நியாயம். அலமாரியைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடும். தொட்டியில் பாத்திரம் கழுவினால் தண்ணீர் கால்மேல் கொட்டும். ஆனால் பிச்சைமணிக்கு வேறொரு கனவு இருந்தது. வாழைக்காய் மண்டிக்காரர். குமுளிக்கு வாழைத்தார் ஏற்றி அனுப்ப வாடகை வண்டிக்கே அழுது அலுத்துவிட்டார். சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்குவதற்காக மூணு வருஷமாகப் பேங்கில் சேர்த்திருந்தார். மூன்று லட்சத்து இருபதாயிரம். அது முனீஸ்வரிக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டும் இருந்தார்.

ஆக, வேண்டாம் என்று அவளே சொல்ல வேண்டும். மகள் யுவராணி சென்னை வேளச்சேரியில் பிளாட் வாங்கி, அப்போதுதான் புது அடுப்படி போட்டிருந்தாள். மண்டியிலிருந்தே அவளுக்குப் போன் போட்டார்.

"ஆத்தா, ஒனக்கு அடுப்படி போட்ட கம்பெனில நம்ம வீட்டுக்கும் ஒரு கொட்டேஷன் வாங்கி அனுப்பு. மெட்ராஸ் ரேட்டுலயே போடச் சொல்லு."

"நெசமாவாப்பா? அம்மாவுக்கா?"

"அம்மாவுக்குத்தேன். சிம்னி, தொட்டா தானா மூடுற டிராயரு, ஒண்ணையும் விட்றாத. தொகையப் பாத்தா கண்ணு இருட்டணும்."

"யாருக்கு இருட்டணும்?"

"ஒங்கம்மாவுக்கு. அவகிட்ட மூச்சு விட்றாத."

"சத்தியமா விடமாட்டேம்ப்பா."

மூன்றாம் நாள் கொட்டேஷன் வந்தது. எட்டுப் பக்கம், கலர்ப் படத்தோடு. கரண்டி மாட்டுகிற கம்பிக்கு மட்டும் ஆறாயிரம். கூட்டுத்தொகை எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம். முதலில் கண் இருட்டியது இவருக்குத்தான். கொட்டேஷன் என்றால் கொட்டித்தான் ஆகவேண்டும் போல என்று சொல்லிக்கொண்டு, பிரிண்ட் எடுத்துப்போய் முனீஸ்வரி முன்னால் வைத்தார்.

"இந்தா. நான் முடியாதுன்னு சொல்லல. பாத்து நீயே முடிவு பண்ணு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் கண் கலங்கியது. பிச்சைமணிக்கு உள்ளுக்குள்ளே கொட்டுமேளம்.

"ஏங்க, எனக்காகவா எட்டு லட்சம் செலவழிக்க நெனச்சீக?"

மேளம் நின்றது.

"அதில்ல முனீசு. தொகை கொஞ்சம்..."

"முப்பது வருசத்துல ஒரு நா இப்படிக் கேட்டதில்லையே!" என்று சொல்லி முடிக்கும்போதே போன் அவள் காதில் இருந்தது. "அண்ணே! ஒங்க மாப்ள என்ன பண்ணிருக்காக தெரியுமா?"

சாயங்காலமே வடுகபட்டியிலிருந்து மச்சான் ஒச்சாண்டி வந்து இறங்கிவிட்டார். கையில் சால்வை.

"மாப்ள, ஒங்களக் கஞ்சன்னு பல எடத்துல பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"எத்தன எடத்துல மச்சான்?"

"அத விடுங்க. இனி அங்கன எல்லாம் போயி மாத்திச் சொல்லணும்ல, அதேன் எனக்குக் கவல."

பக்கத்து வீட்டுப் பூமாரி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காக. ஒரு மிக்ஸி ஜாரு கேட்டு ஆறு மாசமாச்சு!"

சால்வைக்குள் பிச்சைமணிக்கு வேர்த்தது. இப்போது பின்வாங்கினால் வடுகபட்டி வரைக்கும் தலை காட்ட முடியாது.

"எப்ப மாப்ள வேலைய ஆரம்பிக்கிறீக?"

பிச்சைமணி வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரியே குறுக்கே வந்தாள். "அவுக ஆசையில சொல்லிட்டாகன்னு நான் விட்ருவேனாண்ணே? மெட்ராஸ் ரேட்டு நமக்கு எதுக்கு? நம்மூரு மரவேலை ராஜபாண்டிகிட்ட கேட்டுட்டேன். அச்சு அசலா இதே மாதிரி செஞ்சு தாராராம்."

பிச்சைமணிக்கு உயிர் வந்தது. "எம்புட்டாம்?"

"மூணு லட்சத்து இருபதாயிரம்."

வந்த உயிர் போயிற்று. எழுந்து அடுப்படிக்குள் போனவளைப் பின்தொடர்ந்து போய் மெல்லக் கேட்டார். "அதென்ன கணக்கா மூணு இருபது?"

"ஒங்க பேங்குல அம்புட்டுத்தேன இருக்கு? கணக்கு ஆரம்பிக்கையில என் போன் நம்பரத்தேன குடுத்தீக? மாசாமாசம் எனக்குத்தேன் மெசேஜு வருது."

குட்டியானை அப்படியே அடுப்படிக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது.

வெளியே ஒச்சாண்டி தொடையில் தட்டிச் சொன்னார். "ஒரே நாள்ல அஞ்சு லட்சத்து நாப்பத்து நாலாயிரம் மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கா எந்தங்கச்சி. குடுத்து வச்சவரு மாப்ள நீங்க!"

பிச்சைமணி மாடிக்குப் போய் மகளைப் போனில் பிடித்தார். "ஏத்தா, மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியே?"

"விடலப்பா. வாட்ஸப்புல டைப் பண்ணித்தேன் அனுப்புனேன். மொதல்ல பன்னெண்டு லட்சம் வந்துச்சு. அப்பாவுக்குப் பிரசர் இருக்கு, எட்டரையோட நிறுத்தச் சொல்லுன்னு அம்மாதேன் சொன்னாக."

தன் உடம்பின்மேல் அவளுக்கு இருந்த அக்கறையை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் கீழே இறங்கினார்.

அடுத்த வாரம் பழைய அடுப்பு மேடையை உடைத்து அள்ளினார்கள். ராஜபாண்டி டேப்போடு வந்தார். "மேடை எம்புட்டு ஒசரம் வைக்கணும்? நின்னு சமைக்கிறவுக ஒசரத்துக்குத் தக்கன வைக்கணும். ஒரு தடவ வச்சா வச்சதுதேன்."

"ஏங்க, இங்கன வந்து நில்லுங்க" என்றாள் முனீஸ்வரி.

பணம் போட்டவன் என்று இப்போதாவது ஒரு மரியாதை கிடைத்ததே என்று பிச்சைமணி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ராஜபாண்டி தரையிலிருந்து அவர் முழங்கை வரைக்கும் டேப்பை இழுத்துவிட்டு, சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் ஒசரத்துக்கா வைக்க?"

"ஆமா, சரியாப் பிடிங்க," என்றாள் முனீஸ்வரி. "நாளைக்குக் குனிஞ்சு குனிஞ்சு தோச சுட்டு அவுகளுக்கு இடுப்பு வலிச்சா, நான் தாங்க மாட்டேன்."