ஊர்க் கரண்ட்டைக் குடித்த மாப்பிள்ளை

புது வண்டி வாங்கிய மனிதனை ஆறு மாதத்துக்கு மாமனார் வீட்டுப் பக்கம் விடக்கூடாது. விட்டாலும் வாயைக் கட்டித்தான் விடவேண்டும். இது என் மனைவி கலைவாணியின் கருத்து. அனுபவத்தில் சொல்கிறாள் என்பதால் நானும் மறுத்துப் பேசுவதில்லை.

தர்மபுரியில் சரக்கு வண்டி ஓட்டுவது என் தொழில். தக்காளி, தேங்காய், கல்யாண வீட்டு நாற்காலி என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். இருந்த டீசல் வண்டிகளை விற்றுவிட்டு மூன்று மின்சார லாரிகள் (குட்டி வண்டிகள்தான், ஆனால் நான் லாரி என்றுதான் சொல்வேன்) வாங்கியிருந்த நேரம் அது. 'சௌக்கியமா?' என்று யாராவது கேட்டால்கூட பேட்டரியைப் பற்றித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து மச்சினி தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் மாமனார் ஊர். மாப்பிள்ளை வீட்டார் மொரப்பூர்க்காரர்கள். பந்தல் சாமான், நாற்காலி, பாத்திரம் எல்லாம் என் பொறுப்பு என்று நானாகவே தலையைக் கொடுத்தேன். முதல் வண்டியில் நான், பின்னால் இரண்டு வண்டிகளில் டிரைவர்கள் என்று சாமி ஊர்வலம் மாதிரி ஊருக்குள் நுழைந்தோம்.

"என்னா மாப்ள, வண்டி வந்த சத்தமே கேக்கல?" என்றார் மாமனார்.

"அதாங்க மாமா இதுல விசேஷம். பொகை இல்ல, சத்தம் இல்ல, யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

(தயவுசெய்து கவனியுங்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை என்று சொன்னது நான்தான்.)

"டீசலுக்கு பதிலு?"

"எங்க பிளக் இருக்குதோ அங்க சொருகி வுட்டுட்டு நாம பாட்டுக்குச் சாப்பிடலாங்க."

சாமான்களை இறக்கியதும் வண்டிகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகைக்கு ஓட்டினோம். மூன்றிலும் சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது. விசேஷம் முடிவதற்குள் ஏற்றிவிட்டால் சாமானைத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்பது என் திட்டம். ஒன்றை மோட்டார் போர்டிலும், ஒன்றைக் கிரைண்டர் பிளக்கிலும், ஒன்றை வீட்டுக்குள்ளிருந்து இழுத்த ஒயரிலும் சொருகினேன். உடனே வீட்டு பீஸ் போனது.

திறந்து பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கம்பி.

"இவ்ளோ மெல்லிசா போட்டா எப்பிடிங்க மாமா தாங்கும்?" என்று சிரித்தபடி, கைக்கு அகப்பட்டதிலேயே தடியான கம்பியாகப் பார்த்துச் சுற்றினேன். (உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் இதைச் செய்யாதீர்கள்.) "இனிமே இந்த பீஸ் போச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்."

பேரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த பீஸ் போகவே இல்லை. தெருக்கோடியில் இருந்த டிரான்ஸ்பார்மரின் பீஸ்தான் போனது.

பந்தலில் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம் ஃபேன்கள் நின்றன, மைக் செத்தது. நல்ல வெயில் காலம். மாப்பிள்ளையின் அப்பா பட்டுச் சட்டைக்குள் வேகத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய், "காத்துல கம்பி ஒரசியிருக்குங்க" என்று விளக்கம் கொடுத்துவிட்டு, அவருக்கும் என் பேட்டரியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

லைன்மேன் சேகர் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து பீஸ் போட்டார். கரண்ட் வந்தது. தட்டை மறுபடி எடுத்தார்கள். மறுபடி போனது.

இப்போது பக்கத்துத் தோட்டத்துச் சின்னப்பன் மண்வெட்டியோடு வந்துவிட்டார். "மும்முனைக் கரண்ட் வர்றதே கொஞ்ச நேரம். தக்காளிக்குத் தண்ணி பாதியில நிக்குது. யாரு வூட்லங்க என்னாத்த போட்டீங்க?"

"அதானே!" என்று நானும் கூட்டத்தோடு சேர்ந்து கேட்டேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தார். "தட்டத் தொடுறப்பல்லாம் வெளிச்சம் போவுது. எனக்கென்னமோ மனசு ஒப்பலீங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மாமனார் முகம் சுருங்கிப் போனது. தேன்மொழியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த அமைதியில் சேகர் மூன்றாவது முறையாக பீஸ் போட, கரண்ட் வந்தது. கொட்டகைப் பக்கமிருந்து 'டிங், டிங், டிங்' என்று மூன்று குரல்கள் எழுந்தன.

சார்ஜ் ஏறத் தொடங்கினால் என் வண்டிகள் அப்படித்தான் சந்தோஷப்படும்.

கலைவாணி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நான் பந்தல் துணியின் பூவேலைப்பாட்டை ரசிக்கத் தொடங்கினேன். அவள் எழுந்து பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவதுபோல் ஒரு பிளக்கை ஒயரோடு தூக்கி வந்தாள்.

"பெரியம்மா, சகுனமும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு கொட்டாயில மூணு லாரிக்குக் கரண்ட் ஊட்டிக்கிட்டு இருக்காரு. ஊர்க் கரண்ட் பூரா அதுங்க வவுத்துக்குள்ள போவுது!"

"மூணையும் ஒண்ணாவா சொருகுனீங்க?" என்றார் சேகர். "கெணத்து மோட்டாரெல்லாம் ஓடுற நேரத்துலயா?"

"அப்ப என் தண்ணிய நிறுத்துனது இவரா?" என்று சின்னப்பன் மண்வெட்டியைக் கைமாற்றிப் பிடித்தார்.

பெரியம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பொகை இல்ல, சத்தம் இல்லன்னு வந்ததுலருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. கரண்ட்டும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பையன். பிறகு தேன்மொழி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தட்டு மாற்றிவிட்டார்கள். ஃபேன்கள் ஓடின, சின்னப்பனின் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்தது. வண்டிகள் மட்டும் நகரவில்லை. சேகர் என் தடிக்கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முறை வைத்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளச் சொன்னார். டிரைவர்களைக் காவலுக்கு விட்டுவிட்டு நானும் கலைவாணியும் பஸ் ஏறினோம். தர்மபுரி வரைக்கும் அவள் ஜன்னலோடுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

ஒரு வண்டியாக இருந்தால் அந்த டிரான்ஸ்பார்மர் முணுமுணுக்காமல் தாங்கியிருக்கும். அதே கம்பியில் ஊரே தொங்குகிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். இப்போது வண்டி நிறுத்தும் என் ஷெட்டுக்கு முறைப்படி தனி இணைப்பு வாங்கியிருக்கிறேன். வண்டிகளும் வரிசையில் நின்றுதான் சாப்பிடுகின்றன.

ஆனால் மாமனார் ஊரில் கரண்ட் போனால் இன்றைக்கும் யாரும் மின்வாரியத்துக்குப் போன் செய்வதில்லை. "மாப்ள வந்திருக்காராங்க?" என்று மாமனாரிடம்தான் கேட்கிறார்கள். போன கோடையில் ஒரு சாயங்காலம் பேய்க்காற்றும் மழையும் அடித்து, தாலுகா முழுக்க இருட்டாகிவிட்டது. மாமனார் எனக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க மாப்ள?"

"தர்மபுரியிலதாங்க மாமா."

"வண்டிங்க?"

"மூணும் என் கண்ணு முன்னாலதாங்க நிக்குது."



"சரி, அப்ப மழையாலதான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.