நாலு விநாடிப் பாய்ச்சலும் நலக் குழுவும்

மனித குலத்தைக் காப்பாற்றியவர்கள் வரிசையில் அம்மைத் தடுப்பூசிக்கு அடுத்த இடம் எங்கள் ‘இல்லத்திரை நலக் குழு’வுக்குத்தான். தியேட்டரில் ஓடி முடிந்த படங்களை, வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கும் அப்பாவிகளுக்கு ஏற்றபடி பதப்படுத்திக் கொடுப்பது எங்கள் பணி. உறுப்பினர்கள் மூவர்: தலைவர், பல் டாக்டர், நான். நான் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த நாகரிகம் எங்கள் அலுவலகத்தில் உண்டு.

நாங்கள் படம் பார்க்கும் முறையே தனி. எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவோம். ஒலியை நிறுத்திவிடுவோம். இருட்டும் சத்தமும் சேர்ந்தால் ஆள் கதைக்குள் போய்விடுவான். கதைக்குள் போனவன் நடுநிலை தவறிவிடுவான் என்பது தலைவரின் கோட்பாடு. படத்தின் எல்லாப் பிரதிகளும் முதலில் எங்கள் பீரோவுக்கு வந்துவிட வேண்டும். வெட்டியது போக மிச்சம்தான் திரும்பிப் போகும்.

அப்படித்தான் அந்தக் கடற்கொள்ளையர் படம் வந்தது. மூன்று கப்பல், இருநூறு வாள், ஒரு புதையல் தீவு.

“கத்தியைப் பல்லால கடிச்சுக்கிட்டு கயித்துல ஏறுறான் பாருங்க!” என்று பதறினார் பல் டாக்டர். “முன்பல்லு என்னத்துக்கு ஆகும்?”

“தூக்கிடுங்க,” என்றார் தலைவர்.

“கத்தியையா, பல்லையா?”

“ஆளையே.”

மாலைக்குள் கொள்ளையர்கள் கொள்ளையை அறவே விட்டிருந்தார்கள். பீரங்கிகள் அலங்காரத்துக்கு நின்றன. கடல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் ‘தலைசுற்றல் வரலாம்’ என்று ஓர் எச்சரிக்கை போட்டோம்.

மிச்சம் ஒரே காட்சி. எரிகிற கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து ஒரு கிழட்டுக் கொள்ளையன் அடுத்த கப்பலுக்குப் பாய்கிறான். நாலே விநாடி. படத்தை எடுத்த பெண் அதற்காகவே நேரில் வந்து நின்றாள்.

“சார், மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க. அந்த நாலு விநாடியை மட்டும் விட்டுடுங்க. குதிக்கிறது எங்க அப்பா.”

“யாரா இருந்தாலும் விதி ஒண்ணுதாம்மா,” என்றார் தலைவர்.

“முப்பது வருஷமா ஹீரோக்களுக்குப் பதிலா குதிச்சவர் சார். எந்தப் படத்துலயும் முகத்தைக் காட்ட விட்டதில்ல. முதுகு மட்டும்தான். இந்தப் படத்துலதான் முதல் தடவையா முகம் தெரியுது. அதுல விழுந்தவர்தான், கழுத்துக்குக் கீழ அசைவே இல்ல. தியேட்டர்ல ஓடுனப்ப ஆஸ்பத்திரில கிடந்தாரு. இனிமே அவர் பார்க்கணும்னா வீட்லதான்.”

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே!

“பசங்க இதைப் பார்த்துட்டு அலமாரி மேலருந்து கட்டில்ல குதிச்சா யாரும்மா பொறுப்பு?”

அப்போதுதான், என் பணிக்காலத்திலேயே முதல்முறையாக, எனக்கு ஒரு யோசனை பிறந்தது. உச்சியில் எறும்பளவில் நிற்பவரைக் காட்டுவோம். அடுத்த கப்பலில் கிடப்பவரின் முதுகையும் காட்டுவோம். நடுவில் முகத்துக்குப் பதிலாக ஒரு வரி: ‘அவர் ஏணி வழியாகப் பத்திரமாக இறங்கி வந்து ஓய்வெடுத்தார்.’

தலைவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். “பாரும்மா, எவ்வளவு நல்ல மனசு! இனிமே இந்தப் படத்துல உங்க அப்பாவுக்கு அடியே படாது.”

“அடிபட்டாச்சு சார்,” என்றாள் அவள்.

‘இயக்குநர் மகிழ்ச்சியுடன் சம்மதித்தார்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

சான்றிதழ் தருவதற்கு முன், ஏதாவது ஒரு வீட்டில் படத்தைப் போட்டு ‘விளைவு ஆய்வு’ செய்ய வேண்டும். கருணை மேலிட்டு அந்தப் பெண்ணின் வீட்டையே தேர்ந்தெடுத்தோம்.

பெரியவர் கட்டிலில் கிடந்தார். முகத்தை மழித்து, புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள்.

“வாங்க, வாங்க. பாப்பா, சாருக்கெல்லாம் நாற்காலி போடு. டிவியைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. அந்தக் கண்ணாடியை மாட்டிவிடும்மா.” படம் ஓடத் தொடங்கியதும் அவர் குரல் இளகியது. “இந்தா, கப்பல் தீப்பிடிக்குது பாருங்க. இப்ப வருவேன்.”

அந்த வரி வந்தது. போனது.

“பாப்பா, ஏணி எங்கேருந்து வந்துச்சு?”

மகள் சுவரைப் பார்த்தாள்.

“அந்தக் கப்பல்ல ஏணியே கிடையாதேம்மா.”

அவர் கண்ணோரம் கசிந்தது வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை வராது. எங்கள் மூவருக்கும் கை இருந்தது. அதில் படிவம் இருந்தது.

‘படம் பார்த்தவர் எங்கிருந்தாவது குதிக்க முயன்றாரா?’ ‘இல்லை’ என்று எழுதினார் தலைவர். ‘கை கால்களை வீசினாரா?’ ‘இல்லை.’ ‘இருந்த இடத்தை விட்டு அசைந்தாரா?’ ‘அறவே இல்லை. இந்தப் படம் வீட்டுக்கு முற்றிலும் பாதுகாப்பானது.’

கீழே இருக்கும் மூன்று கையெழுத்துகளில், நடுக்கமே இல்லாமல் அழகாக இருப்பது என்னுடையது.