எதுவும் சொல்லாத செனோரா மீர்த்தா

எதுவும் சொல்லாதவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. வாய் பேசாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்; காலையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கும்வரை ஓயமாட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் மட்டும், "காலம் மாறிப்போச்சு, அவங்கவங்க வாழ்க்கை அவங்கவங்களுக்கு, நான் எதுவும் சொல்றதில்ல" என்று கையை விரித்து ஒரு பெருமூச்சு விட்டு, அந்தப் பெருமூச்சிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

தால்க்கா என்கிற ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் செனோரா மீர்த்தா, அதாவது மீர்த்தா அம்மாள், இந்த இனத்தின் அசல் உருப்படி. இவருடைய மகள் லொரேத்தோ, நெல்சன் என்பவனோடு தலைநகர் சாந்தியாகோவில் பதினொரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். மாதா கோயிலும் இல்லை, பதிவாளர் ஆபீசும் இல்லை. தெருவில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பது மீர்த்தாவுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் அவர் எதுவும் சொல்வதில்லை. கூடத்துச் சுவரில், மகன் ரெனாத்தோவின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறார். மகனுடைய கல்யாணம் ஊரைக் கூட்டி நடந்து, இரண்டே வருஷத்தில் கோர்ட்டில் முடிந்தது. படம் பத்திரமாகத் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மீர்த்தா எழுந்துபோய் அந்த வெறும் ஆணியைத் துணியால் துடைப்பார். கண்ணை மூடுவதற்குள் அதில் லொரேத்தோவின் கல்யாணப் படம் ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

மாதம் ஒரு தடவை சனிக்கிழமை மாலை இருவரும் வருவார்கள். லொரேத்தோவுக்கு அவளுடைய பழைய அறையின் ஒற்றைக் கட்டில். நெல்சனுக்குக் கூடத்து சோபா. ஆள் நல்ல உயரம். கால் இரண்டும் சோபாவுக்கு வெளியே நிற்கும், தலைக்கு நேர்மேலே ஆணி.

"அம்மா, எங்க வீட்ல நாங்க ஒரே கட்டில்லதான் படுக்கிறோம்."

"நான் ஏதாவது சொன்னேனா? இந்த மெத்தை ரெண்டு பேரைத் தாங்காதுடி."

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு நோர்மா வருவாள். ஒவ்வொரு தடவையும் மீர்த்தா அவளுக்கு அறிமுகம் செய்துவைப்பார்: "இவர் நெல்சன். லொரேத்தோவோட சிநேகிதர்."

"இன்னுமா சிநேகிதர்?" என்பாள் நோர்மா.

"ரொம்ப நல்ல சிநேகிதர்."

அந்தச் சிநேகிதர்தான் கேஸ் சிலிண்டரை மாற்றுவான், ஒழுகும் குழாயை முடுக்குவான், கோழியும் பூசணியும் போட்ட கசுவேலா சூப்பை இரண்டு தட்டு ஒழித்துவிட்டு, "அத்தை, பூசணித் துண்டு இன்னொண்ணு கிடக்குதா பாருங்க" என்பான். (சிநேகிதியின் அம்மாவையும் அங்கே அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆகவே அதில் வில்லங்கம் இல்லை.) "தின்னிப் பண்டாரம்!" என்று மீர்த்தா வைவார். வெள்ளிக்கிழமையே கோழிக் கடையில் நின்று, இருப்பதிலேயே பெரிய தொடையாகப் பார்த்து அவனுக்கென்று எடுத்து வைத்ததும் அவர்தான். பெற்ற மகன் போன்கூடச் செய்யாத வீட்டில், இவன்மேல் அவருக்கு உயிர். இதையும் அவர் சொன்னதில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் லொரேத்தோ போன் செய்தாள்.

"நாங்க பிரிஞ்சிட்டோம்மா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டோம்."

புருஷன் போனால் அழலாம். மாப்பிள்ளை போனால் நாலு பேரிடம் புலம்பலாம். மகளுடைய சிநேகிதர் போனதற்கு எந்த ஊரில் யார் ஒப்பாரி வைக்கிறார்கள்? மீர்த்தா வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே எதுவும் சொல்லவில்லை. போனை வைத்தார். சமையலறைக்குப் போய், அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த கோழித்தொடையைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் நெல்சனுக்குப் போன் செய்தார்.

"கேஸ் தீந்துபோச்சுப்பா."

"அத்தை... லொரேத்தோ சொல்லலயா உங்ககிட்ட?"

"அவ ஆயிரம் சொல்லுவா. எனக்கு அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

நெல்சன் ரயிலேறி வந்து பார்த்தான். சிலிண்டர் கனத்தது. அவனும் எதுவும் சொல்லவில்லை. நிறைந்த சிலிண்டரைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மீர்த்தாவின் வீட்டில் மாதம் தவறாமல் கேஸ் தீர்ந்தது.

வசந்தம் வந்தது. லொரேத்தோ தன்னுடைய புது ஆள் எஸ்தேபானைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள். மேஜையில் நெல்சன், கையில் கோழித்தொடை. எதிரே நோர்மா. நெல்சன் எச்சில் கையோடு எழுந்திருக்கப் பார்த்தான். "நீ உக்காரு," என்றார் மீர்த்தா. பிறகு வந்தவனிடம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு அறிமுகம் செய்தார்:

"இவர் நெல்சன். எங்க வீட்டு மாப்பிள்ளை."

"என்னம்மா உளர்றே? நாங்க கல்யாணமே பண்ணிக்கலயே!"

"நான் ஏதாவது சொன்னேனா?" என்றவர், நோர்மா பக்கம் திரும்பினார். "இவர் எஸ்தேபான். லொரேத்தோவோட சிநேகிதர்."

அன்றிரவு மாப்பிள்ளைக்கு ஒற்றைக் கட்டில். மகளுக்கு அம்மாவின் அறை. எஸ்தேபானுக்கு சோபா. அவன் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். ஆணியில் ஒரு படம் தொங்கியது: கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நெல்சன் சிரிக்கிறான், ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, லொரேத்தோவும் இருக்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் உங்கள் அண்ணன் மகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "காலம் மாறிப்போச்சு" என்று ஆரம்பித்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டீர்களாமே?

நான் எதுவும் சொல்லவில்லை.