பெருத்துப்போன கல்யாண வீடியோ

‘தெரியாது’ என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து உச்சரிக்க முடியாத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. இவர்களை விளக்கப்புலிகள் என்கிறேன்.

என் சகலை ஒரு விளக்கப்புலி. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. பல்பு ஃபியூஸ் போனாலும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் காரணம் சொல்வார். எங்கே வலிக்கிறது என்று கேட்கும் டாக்டருக்கு, ஏன் வலிக்கிறது என்று பாடம் நடத்திவிட்டு வலியோடு வீடு திரும்புவார்.

எங்கள் கடைசி மச்சினியின் கல்யாண வீடியோ ஒரு பென்டிரைவில் வந்தது. மாமனாருக்கோ டிவிக்குக் கீழே இருக்கும் டிவிடி பிளேயரை மட்டும்தான் இயக்கத் தெரியும். “இதுக்கு எதுக்குக் கடைக்குப் போகணும்?” என்று சகலையே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டிவிடியில் ஏற்றினார்.

மாமனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை, பென்டிரைவ்ல ஒண்ணரை ஜிபிதானே இருந்துச்சு? டிவிடில நாலுக்கு மேல காட்டுதே?”

சகலைக்குத் தெரியாது. ஆனால் வாய் திறந்துவிட்டதே!

“மாமா, பென்டிரைவ்ல வீடியோவ மடிச்சு வச்சிருப்பாங்க. டிவிடில விரிச்சுப் போடுறோம். போர்வைய விரிச்சா இடம் அடைக்காதா?”

“அப்ப எது நல்லாத் தெரியும்?”

“பெரிசுதான் மாமா. விரிச்சதுல சுருக்கமே இருக்காது.”

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! டிவிடி பிளேயருக்குப் புரியும் பழைய முறைக்கு வீடியோ மாற்றி எழுதப்படுகிறது, அந்த முறை இடத்தை அதிகம் விழுங்கும், தெளிவையும் குறைக்கும் என்பதுதான் விஷயம். பெருத்ததெல்லாம் உசத்தி இல்லை. சகலையோ தன் விளக்கத்தைத் தானே நம்பி, ‘மடித்த’ வீடியோவை அழித்துவிட்டு, பென்டிரைவில் ஆபீஸ் சுற்றுலாப் படங்களை நிரப்பிக்கொண்டார்.

சாயங்காலம் குடும்பமே பெரிய டிவி முன்னால் கூடியது. மணப்பெண்ணின் முகம் தண்ணீரில் நனைந்த பொட்டலக் காகிதம் மாதிரி இருந்தது.

“அக்கா, இது நானா?” என்றாள் மச்சினி. பிறகு, “அத்தான், அந்தப் பென்டிரைவையே போடுங்களேன்.”

சகலை தொண்டையைக் கனைத்தார். “டிவிக்கு வயசாயிடுச்சும்மா. அதான்.”

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சகலை வீடியோக்காரரிடம் ஓடினார். “கொடுத்த கையோட அழிச்சிட்டேன் சார்” என்றார் அவர். அடுத்த வாரம் மச்சினி கணவனோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறினாள்.

மாமனார் அந்த டிவிடியைத்தான் தினமும் பார்க்கிறார். மகள் வரும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். சகலையும் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, அது உங்க தங்கச்சி, இது சித்தப்பா” என்று ஒவ்வொரு கறையாக அடையாளம் காட்டுகிறார். சில சமயம் சரியாகவும் இருக்கும்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் அந்த நாலு ஜிபி கணக்குக்கு நான் காரணம் சொன்ன இடத்தில், ‘அது முழுசா சரியில்லையே, உண்மையான காரணம் என்னன்னா...’ என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததே, அது என்ன?