நூற்றெண்பது மீட்டர் அறிவு

அறிவை அளக்க மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது இன்ச் டேப்தான். இந்த உண்மையை ஏற்க உலகம் தயங்கலாம். பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வு நூலகத்துத் தலைமை நூலகர் ஒருநாளும் தயங்கியதில்லை. ஆண்டுதோறும் அலமாரிகளை அவரே முட்டி போட்டு அளப்பார். அவர் பொறுப்பேற்றபோது அங்கிருந்த அறிவு இரண்டே மீட்டர். பத்து ஆண்டில் அது நூற்றெண்பது மீட்டராக வளர்ந்தது. கூடவே அவருடைய இடுப்பு வலியும் வளர்ந்தது.

புத்தகத்தை இரவல் கொடுக்கும் "கெட்ட பழக்கத்தை" அவர் முதல் ஆண்டிலேயே ஒழித்துவிட்டார். ஒரு புத்தகம் வெளியே போனால் இரண்டு சென்டிமீட்டர் அறிவு குறைகிறதே, யார் பதில் சொல்வது? அடுத்து, வாசகர் மேசைகளை எடுத்தால் எட்டு அலமாரி நிற்கும் என்று வளர்ச்சிக் குழு கண்டுபிடித்தது. மேசைகள் போயின. மேசையே இல்லாத இடத்தில் நாற்காலி எதற்கு என்று நாற்காலிகளும் போயின. கடைசியில் மிஞ்சியது வாசலை ஒட்டிய வகுப்பறை. அங்கே ஜப்பானிய மொழி வாத்தியார் ஏழு பேரை உட்காரவைத்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "நூலகத்தின் அமைதி கருதி" வகுப்பை மூடி, தேர்வுப் பிரிவில் விடைத்தாள்களுக்கு முத்திரை குத்தும் உயர்ந்த பணிக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். வாத்தியார் தம் சாக்பீஸ் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அந்த அறையில் நாற்பது மீட்டர் கிடைத்தது.

இந்த நேரம் பார்த்து ஜப்பானிய அறக்கட்டளை ஒன்று நான்காயிரம் புத்தகங்கள் தர முன்வந்தது. எண்பது மீட்டர்! நூலகருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசி வரி அவர் தலையில் கல்லைப் போட்டது. வாசகர் ஒருவர் படிப்பதை எங்கள் பிரதிநிதி நேரில் பார்க்க விரும்புகிறார் என்று எழுதியிருந்தார்கள்.

"வாசகருக்கு நான் எங்கய்யா போவேன்?" என்று வாயிற்காவலரிடம் புலம்பினார். புலம்பிக்கொண்டே அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். காவலர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். ஒரு வாசகருக்கு வேறென்ன வேண்டும்?

குறித்த நாளில், சீருடைக்கு மேல் நூலகரின் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் தாம் உட்காரும் ஸ்டூலையே அலமாரிகளுக்கு நடுவே போட்டுக் காவலர் உட்கார்ந்தார். கட்டடத்தில் இருந்த ஒரே இருக்கை அதுதான். பிரதிநிதியாக வந்த அம்மையார் நம் மொழியை முறையாக வகுப்பில் கற்றவர்; அச்சடித்ததுபோல் பேசினார். அவரைப் பெருமையோடு அழைத்துவந்த நூலகர் திடுக்கிட்டு நின்றார். காவலர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரித்து வைத்திருந்தார். மானம் கப்பலேறுகிறதே என்று பாய்ந்து, அதைப் பிடுங்கி, "முறைப்படி" திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

காவலர் நிதானமாக மறுபடியும் பழையபடி திருப்பிக்கொண்டார்.

"இது வலப்பக்கத்துலேர்ந்துதாங்கய்யா ஆரம்பிக்கும். நீங்க லேபிள் ஒட்டியிருக்கறது பூராவும் பின்னட்டையில."

அம்மையார் குனிந்து தம் மொழியில் ஏதோ கேட்டார். காவலரும் அதே மொழியில் பதில் சொல்லிவிட்டு, விரல் வைத்து ஒரு பத்தி படித்தும் காட்டினார். நூலகருக்குத் தலை சுற்றியது. உட்கார இடமில்லாததால் நின்றபடியே சுற்றியது.

"எங்கே கற்றீர்கள்?" என்று அம்மையார் நம் மொழியில் கேட்டார்.

"வாசல்லதாங்கம்மா. நீங்க நிக்கிற இடந்தான் அப்ப வகுப்பு. வாத்தியாருக்குக் குரல் பெருசு, கரும்பலகையும் கதவு வழியாத் தெரியும். வகுப்பு போனதுலேர்ந்து நானே படிச்சுக்கிறேன். மூணாவது அலமாரி முடியப்போகுது."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?" என்றார் நூலகர் ஈனக்குரலில்.

"அய்யா கேக்கவே இல்லையேங்க."

வாத்தியாரும் வகுப்பும் திரும்பி வந்தால்தான் புத்தகம் வரும் என்று அம்மையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எண்பது மீட்டர் ஆயிற்றே! இடுப்பைப் பிடித்துக்கொண்டு நூலகர் தேர்வுப் பிரிவுக்கு ஓடினார். வாத்தியார் முத்திரையை அப்படியே போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். பழைய ஏழு பேரில் மூன்று பேர் அகப்பட்டார்கள். நூலக வாசலில் நின்று வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வர்றதுக்கு ரொம்ப சந்தோஷம் சார். பிள்ளைங்கள எங்க உக்கார வைக்கிறது?"

நூலகர் பழக்கதோஷத்தில் டேப்பை உருவினார். நெடுக்கே அளந்தார், குறுக்கே அளந்தார், மூலை மூலையாக முட்டி போட்டு அளந்தார். எல்லா இடத்திலும் அறிவு அடைத்துக்கொண்டு நின்றது. காவலர் கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலைத் துடைத்து வாத்தியார் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஆண்டின் வளர்ச்சி அறிக்கையை நூலகர் தம் கைப்படவே எழுதினார்: "புத்தகங்கள், நூற்றெண்பது மீட்டர். ஆசிரியர், ஒருவர். மாணவர், மூவர். மனிதர் உட்கார இடம், முப்பது சென்டிமீட்டர். அதுவும் வாயிற்காவலர் நன்கொடை."