கிரேஸ் அக்காவுக்கு வந்த ஃபெலோஷிப்

மாரிக்குப்பம் பெரியம்மாவுக்கு, ஜோகுபாளையத்திலிருந்து பெனிட்டா எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே அக்காவைத் தவிர எல்லோரும் சுகம். போனில் சொன்னால் அம்மா நடுவில் பிடுங்கிப் பேசிவிடுவாள். ஆகவே நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். யாரையும் காப்பாற்ற மாட்டேன், உங்களையும்.

இரும்பில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்து அக்கா டாக்டர் பட்டம் வாங்கியது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு போஸ்ட்டாக் என்று ஒன்று இருக்கிறது. பட்டம் வாங்கியவர்கள் நிரந்தர வேலை கிடைக்கும்வரை இன்னொருவர் ஆய்வுக்கூடத்தில் ஓரிரு வருடம் ஆராய்ச்சி செய்வது. "டாக்டர் ஆனப்புறமும் டாக்டருக்கா படிக்கப் போற?" என்று அப்பா கேட்டார். படிப்பில்லை, வேலை என்றாள். பர்மனென்டா என்றார். இல்லை என்றாள். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

விளம்பரங்களை நானும் வாசித்தேன். ஒரே ஆள் புதிதாகப் பட்டம் பெற்றவராகவும் நெடுநாள் அனுபவசாலியாகவும் இருக்க வேண்டுமாம். வேலை ஒரு வருடம்தான். ஆனால் வாழ்நாள் இலட்சியத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமாம். அக்கா கடிதம் போட்ட பேராசிரியர்களில் பலர் பதிலே போடவில்லை. போட்டவர்கள் உன் ஆய்வு அபாரம், எங்களிடம் பணம் இல்லை என்றார்கள். ஒருவர் அவளை "டியர் சார்" என்று பாராட்டியிருந்தார்.

"ஒரு ஃபெலோஷிப் கிடைச்சா போதும்மா" என்று அக்கா ஒருநாள் அழுதுவிட்டாள். அவள் சொன்னது ஆராய்ச்சிக்குத் தரும் உதவித்தொகை. அம்மாவுக்குத் தெரிந்த ஃபெலோஷிப் ஜெபக்கூட்டம் ஒன்றுதான். இவ்வளவு படித்தவள் ஜெபத்துக்கு ஏங்குகிறாளே என்று அம்மா உருகி உங்களுக்குப் போன் செய்ய, நீங்கள் ஒக்கலிபுரம் ரோஸி ஆன்ட்டியிடம் சொல்ல, அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோலக், ஜால்ரா சகிதம் தம் ஜெபக்குழுவையே ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்க, அதே நேரத்தில் அக்கா எங்கள் ஒரே அறையில், தனக்குக் கிடைத்த ஒரே நேர்காணலில், பின்லாந்துப் பேராசிரியரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் விரல் வைத்தாள். ஆன்ட்டி அதை மௌன ஜெபம் என்று எண்ணிக் கண்ணை மூடினார். குழுவோடு சேர்ந்து வேலை செய்வாயா என்று பேராசிரியர் கேட்கவும் பின்னால் டோலக் ஆரம்பித்தது. ஆன்ட்டி திரைக்குள் எட்டிப் பார்த்து, "யாரும்மா இந்த பிரதர்? ரொம்ப வெளுத்துப் போயிருக்காரே, அவருக்கும் சேத்து ஜெபிச்சிடலாம்" என்றார். எல்லோரும் கை நீட்டி லேப்டாப்பை ஆசீர்வதித்தார்கள். அத்துடன் நெட் போய்விட்டது.

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "அழாத கண்ணு, இனிமே வாராவாரம் ஃபெலோஷிப் உண்டு" என்று ஆன்ட்டி தேற்றினார்.

ஆகையால் பெரியம்மா, ஜெபத்தால் அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று சபையில் சாட்சி சொல்லிவிட வேண்டாம். பெரியப்பாவுக்கும் உங்கள் கோழிகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
பெனிட்டா, பத்தாம் வகுப்பு

பி.கு.: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள். பேராசிரியரின் மின்னஞ்சல் இப்போதுதான் வந்தது. அக்காவைச் சேர்த்துக்கொள்கிறாராம். அம்மா ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கடைசி வரியையும் வாசித்தாள்: சம்பளம் தர இயலாது, ஃபெலோஷிப்பை நீயே கொண்டுவர வேண்டும். "அவ்ளோதானா? ரோஸிகிட்ட சொல்லி எல்லாருக்கும் பாஸ்போர்ட் எடுத்துடலாம்" என்றாள் அம்மா. அக்கா எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டாள்.