தளபதி எருமையான கதை

சர்ரென்று ஒரு சத்தம். புதுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் பக்கங்களை அடிக்கோல் வைத்துக் கிழிக்கும் சத்தம். ‘நிலாத்துறை நாடு’ எட்டுப் பாகங்களையும் பத்து வயதில் அப்படித்தான் திறந்தேன். எட்டாவதில் படகை ஆற்று நடுவில் விட்டுவிட்டு எழுதியவர் இறந்துபோனார். ஐம்பது வருஷமாகப் படகு அங்கேயே நிற்கிறது.

கரை சேர்ப்பது நான்தான் என்று சபதம் செய்தேன். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி ஆபீசில் ரிட்டயரான மறுநாளே!

ரசிகர்கள் மேற்கொண்டு கதை எழுத, மயிலாடுதுறை லியாகத் அலி ஒரு இணையதளம் நடத்துகிறார். புனைபெயரில் எழுதலாம். சட்டம் ஒன்றுதான்: சாபத்தை எழுதியவர்தான் அதை நீக்க வேண்டும்.

நான் ஒரு மந்திரக்காரியைப் படைத்தேன். மூக்குக் கண்ணாடி, ஓயாத வாய், தினமும் ரசம். என் மனைவி மரியபுஷ்பம் கதை படிக்கமாட்டாள் என்ற தைரியம். தளபதி வீரகேது அவளை நாடு கடத்தினான். வீரகேது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுவாரம் ‘வெண்ணாற்றுக் கொக்கு’ என்று யாரோ எழுதிய கதை வந்தது. மந்திரக்காரி திரும்பி வந்து தளபதியை எருமையாக்கிவிட்டாள். வாசகர்கள் கொண்டாடினார்கள்.

“ஐயா, தளபதியை மனிதனாக்குங்கள்” என்று கொக்குக்கு எழுதினேன்.

“பாத்திரம் தேய்த்தால் சாபம் தீரும். ஆண் தேய்த்து நான் பார்த்ததில்லை. தாங்கள் தேய்த்து அனுபவத்தை அனுப்பவும்.”

இலக்கியத்துக்காகத் தேய்த்தேன்.

“மாதாவே! என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“ஆராய்ச்சி, புஷ்பம்.”

“அப்ப இட்லிக் கொப்பரையையும் ஆராயுங்க. அடி பிடிச்சிருக்கு.”

அனுபவத்தை அனுப்பினேன். மோர்க்குழம்பு அனுபவம் இல்லையே என்றது கொக்கு. வைத்தேன். துணி மடித்த அனுபவம்? மடித்தேன்.

ஒரு சனிக்கிழமை லியாகத் அலி சால்வையோடு வாசலில் நின்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கழுத்தை நீட்டினேன்.

“ரெமிஜியஸ் சார், கொஞ்சம் தள்ளுங்க. வெண்ணாற்றுக் கொக்கு அம்மா இருக்காங்களா?”

“வாங்கண்ணே” என்றாள் மரியபுஷ்பம், கண்ணாடியைத் துடைத்தபடி.

“நீயா! நீதான் கதையே படிக்கமாட்டியே?”

“நான் எங்க படிச்சேன்? தினமும் ரசம் வைக்கிற மந்திரக்காரி வந்திருக்கான்னு பக்கத்து வீட்டு அம்சவல்லிதான் படிச்சுக் காட்டினா.”

“அதெல்லாம் இருக்கட்டும். தளபதியை எப்ப மாத்துவே?”

“அண்ணனுக்கு டீ போட்டுக் கொண்டாங்க. சொல்றேன்.”

போட்டேன். சர்க்கரை கம்மி என்றாள்.

போன ஞாயிறு புது அத்தியாயம் வந்தது. தளபதி வீரகேது கன்று போட்டிருக்கிறான். தாயும் கன்றும் நலம்.